பீட்ரூட்டும் கடற்கரைப் பயிர்தான்!

(கரையோர ஊர்களின் நேயர்களுக்காகப் பண்ணை இல்ல ஒலிபரப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நாம் பேசப் போவது பீட்ரூட்டைப் பற்றி. "பொம்மையார்பாளையத்துக்கும் பீட்ரூட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? அது ஊட்டிக் காய் ஆச்சே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பீட்ரூட் விளைகிறது. சமவெளியில் உடுமலைப்பேட்டை, ஒட்டன்சத்திரம் பக்கமும் நன்றாக விளைகிறது. நம் சந்தைக்கு வருவதெல்லாம் வெளியூரிலிருந்து லாரி ஏறி வருகிற சரக்குதான். ஆனால் அதன் பூர்வீகம் மலை இல்லை, கடற்கரை. ஐரோப்பாவில் அட்லாண்டிக் கடலோரத்திலும் மத்தியதரைக் கடலோரத்திலும், உப்புக் காற்றிலும் மணலிலும் தானாக முளைத்துக் கிடக்கிற ஒரு கீரைதான் பீட்ரூட்டுக்கு ஆதித்தாய். முதலில் மனிதன் தின்றது அதன் இலையைத்தான். கிழங்கு பெருத்ததெல்லாம் பிற்பாடு வந்தது.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். மரக்காணம் உப்பளக் கரையிலே உமரி முளைத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடை வந்து உப்பு ஏறினால் அந்தச் செடி செவேலென்று சிவந்து நிற்கும். உமரியும் பீட்ரூட்டும் ஒரே குடும்பம். உமரியின் சிவப்பும் பீட்ரூட்டின் சிவப்பும் ஒரே இனச் சாயம். தண்டுக்கீரையின் சிவப்பும், சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் சிவப்பும்கூட அந்த இனம்தான். உமரிக்கீரையை எப்படிச் சமைப்பார்கள்? வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, உப்புப் போடாமல் சமைப்பார்கள். அந்தக் கைப்பக்குவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் கீரைக்கும் அது உதவும்.

பீட் என்பது ஒரே பயிர் இல்லை, ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். இலைக்காக வளர்ப்பது ஒன்று, தண்டுக்காக ஒன்று, கிழங்குக்காக ஒன்று, சர்க்கரைக்காக ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. குணம் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாணலியில் போட்டால், பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்விடும்.

முதலில் இலை. சந்தையிலே பாலக் கீரை என்று வாங்குகிறோமே, அதில் பெரும்பாலானது பீட் குடும்பத்துக் கீரைதான். பசலை என்று சிலர் சொல்வார்கள், ஆனால் கொடிப்பசலை வேறு, இது வேறு. டில்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா பாலக் என்ற ரகம், சுவிஸ் சார்ட் என்ற தண்டு பீட்டையும் நாட்டுப் பாலக்கையும் கலந்து உண்டாக்கியது. பூசா ஹரித் என்ற ரகத்திலோ சர்க்கரைக் கிழங்கு பீட்டின் ரத்தம் கலந்திருக்கிறது. ஆக, பாலக் சாப்பிடுகிற வீட்டில் பீட் ஏற்கெனவே நுழைந்தாயிற்று.

பாலக்கின் குணம் என்ன? சீக்கிரம் வெந்துவிடும். மூன்று நான்கு நிமிஷம் போதும். அதற்கு மேலே அடுப்பில் கிடந்தால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து, கடைசியில் கீரையைப் போட்டு, பச்சைமிளகாய், பூண்டு, சீரகம் சேர்த்துக் கடைந்துவிடுங்கள். மூடி போடாமல் வேகவிட்டால் நிறம் நிற்கும்.

அடுத்தது சுவிஸ் சார்ட். பெரிய ஊர்க் கடைகளிலும், இப்போது விதைப் பொட்டலங்களிலும் கண்ணில் படுகிறது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று தண்டு பட்டையாக இருக்கும். இதிலே கிழங்கு விழாது. வேர்தான் இருக்கும், பிடுங்கிப் பார்த்து ஏமாறாதீங்க. இதன் குணம், தண்டும் இலையும் ஒன்றாக வேகாது. தண்டை முதலில் நறுக்கிப் போட்டு, முக்கால் பதம் வெந்தபிறகு இலையைப் போடவேண்டும். தண்டுக்கீரைக்குச் செய்கிற அதே முறைதான்.

இனி கிழங்கு. நம் நாட்டில் அதிகம் பயிராவது டெட்ராய்ட் டார்க் ரெட், கிரிம்சன் குளோப் போன்ற உருண்டைச் சிவப்பு ரகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த ஊட்டி 1 என்ற ரகமும் உண்டு. உருளை வடிவத்தில் நீளமாக ஒரு ரகம் இருக்கிறது, அதன் பெயர் சிலிண்ட்ரா. வட்டவட்டமாக நறுக்கினால் எல்லா வில்லையும் ஒரே அளவாக வரும். ஆகவே எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். வறுவல் போடுகிறவர்களுக்கு அது வசதி.

நிறம் மாறிய பீட்ரூட்டும் உண்டு. மஞ்சள் பீட்ரூட் கையில் சாயம் ஒட்டாது, பக்கத்தில் இருக்கிற காயையும் சிவப்பாக்காது. மண் வாசமும் குறைவு. வெள்ளை பீட்ரூட்டும் அப்படித்தான். அவியலிலும் மோர்க்குழம்பிலும் போட்டால் குழம்பின் நிறம் மாறாது. இத்தாலி நாட்டில் கியோஜா என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம். குறுக்கே வெட்டினால் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் அடுப்பில் வைத்தால் கோலம் கலைந்து வெறும் வெளிர் ரோஜா நிறமாகிவிடும். அழகுக்காக வாங்கினால் மெல்லிசாகச் சீவிப் பச்சையாகத்தான் சாப்பிடவேண்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். சாதாரணச் சிவப்பு பீட்ரூட்டிலேயே சில சமயம் வெட்டினால் உள்ளே வெளிறிய வளையம் தெரியும். "கலப்படமோ, ஊசி போட்டார்களோ" என்று பயப்பட வேண்டாம். வெயில் காலத்தில் விளைந்த பீட்ரூட்டுக்கு அந்தக் குணம் உண்டு. சூடு அதிகமானால் சாயம் சீராக ஏறாது. ருசியிலே கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வாங்கும்போது கோழிமுட்டைப் பருமனிலோ அதைவிடச் சற்றுப் பெரிதாகவோ பார்த்து எடுங்கள். தேங்காய் அளவு பெருத்ததில் நார் ஓடியிருக்கும்.

கடைசி வகை சர்க்கரைக் கிழங்கு. வெள்ளையாக, கூம்பு மாதிரி இருக்கும். 1747ல் ஜெர்மானிய ரசாயன நிபுணர் மார்க்கிராஃப் பீட் கிழங்கில் இருப்பது கரும்பில் இருக்கிற அதே சர்க்கரைதான் என்று காட்டினார். அவர் சீடர் ஆக்கார்ட் 1801ல் சைலீசியாவில் ஆலையே தொடங்கினார். நம் மாநிலத்திலும் காவேரி, இண்டஸ், சுப்ரா என்ற வெப்பநாட்டு ரகங்களுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சாகுபடி முறை வகுத்துத் தந்திருக்கிறது. ஆனால் இது ஆலைக்கான பயிர், குழம்புக்கு ஆகாது. திகட்டும்.

சரி, அடுப்படிக்கு வருவோம். பீட்ரூட்டைப் பற்றி வீட்டில் வருகிற புகார் மூன்று. ஒன்று, மண் வாசனை அடிக்கிறது. இரண்டு, சாயம் எல்லாம் போய்விடுகிறது. மூன்று, ஒரே தித்திப்பு. மூன்றுக்கும் மருந்து நம்ம அஞ்சறைப் பெட்டியிலும் புளிப் பானையிலும் இருக்கிறது.

முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து ஒரு வாசம் கிளம்புகிறதே, அதைத் தருகிற ஜியோஸ்மின் என்ற பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. தோலில் அதிகம், சதையில் குறைவு. ஆகவே தோலை நன்றாக நீக்கவேண்டும். புளிப்புப் பட்டால் இந்தப் பொருள் வாசனை இல்லாத வேறு பொருளாக மாறிவிடும். அதனால்தான் எலுமிச்சை பிழிந்த பீட்ரூட்டில் மண் வாசம் தெரிவதில்லை.

சாயத்துக்கும் புளிப்புதான் காவல். புளிப்பில் சிவப்பு நிற்கும். சோடா உப்பு போட்டாலோ, காரத்தன்மை அதிகமுள்ள போர்த் தண்ணீரில் நெடுநேரம் கொதித்தாலோ நிறம் கெட்டு மங்கிவிடும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பச் சோடா போடுகிற வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்க. அதே சமயம் ஆரம்பத்திலேயே புளியைக் கொட்டிவிடாதீங்க. புளி பட்ட காய் லேசில் வேகாது. முதலில் வேகவிட வேண்டும், பிறகு புளிப்புச் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

வேகவைக்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். இலையை அறுக்கும்போது கிழங்கின் தலையில் இரண்டு விரல் அளவு காம்பு விட்டு அறுங்கள். அடியில் இருக்கிற வால் வேரையும் வெட்ட வேண்டாம். தோலும் சீவ வேண்டாம். அப்படியே கழுவி, முழுசாகக் குக்கரில் வைத்து மூன்று நான்கு விசில் விடுங்கள். சாதாரணப் பானை என்றால் முக்கால் மணி நேரம் ஆகும். வெட்டுக்காயம் இல்லாத கிழங்கிலிருந்து சாயமும் சத்தும் தண்ணீரில் அதிகம் இறங்காது. ஆறியபிறகு விரலால் தள்ளினாலே தோல் கழன்று வரும்.

இப்படி வெந்ததை நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு பிரட்டுப் பிரட்டி, இறக்குகிற சமயத்தில் ஒரு கரண்டி கெட்டிப் புளித் தண்ணீரும் தேங்காய்த் துருவலும் போட்டுப் பாருங்கள். தித்திப்பும் புளிப்பும் காரமும் சேர்ந்து அது வேறு காய் ஆகிவிடும்.

நம்ம கரையோரத்துக்கென்றே ஒரு ஜோடி இருக்கிறது. சென்னாக்குனியைத் தவிடு, தூசி போகப் புடைத்து, வெறும் வாணலியில் வறுத்து, பீட்ரூட் பொரியலில் கடைசியாகத் தூவிக் கிளறுங்கள். தித்திப்புக்கு அந்தக் கருவாட்டு உப்பு நல்ல துணை. அதிலே ஏற்கெனவே உப்பு இருப்பதால் தனி உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பச்சடி செய்கிறவர்கள், வெந்த பீட்ரூட்டைத் துருவித் தனியே வைத்திருந்து, பரிமாறுகிற நேரத்தில் தயிரில் கலக்குங்கள். இலங்கையிலே தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், கறுவாப்பட்டை சேர்த்துக் குழம்பாக வைப்பார்கள். வடக்கே குளிர்காலத்தில் கறுப்புக் கேரட்டோடு பீட்ரூட்டையும் நறுக்கிப் போட்டு, கடுகுப்பொடி கலந்து, வெயிலில் புளிக்கவைத்துக் காஞ்சி என்று குடிக்கிறார்கள். உக்ரைன் நாட்டில் போர்ஷ் என்ற பீட்ரூட் ரசம் அவர்களுக்கு உயிர். 2022ல் யுனெஸ்கோ அதை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபு என்று பட்டியலில் சேர்த்தது. அவர்களும் அதில் புளிப்புச் சேர்க்கிறார்கள். நாடு எதுவானாலும் பீட்ரூட் இருக்கிற இடத்தில் புளிப்பு இருக்கிறது, பார்த்தீர்களா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். சோகை பிடித்த பெண்ணுக்குத் தினமும் பீட்ரூட் சாறு கொடுத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அலமாரியில் போட்டுவைக்கிற வீடுகள் உண்டு. இது ஆபத்தானது. பீட்ரூட் ரத்த நிறத்தில் இருக்கிறதே தவிர, அந்தச் சிவப்பு இரும்பினால் வந்ததில்லை. 100 கிராம் கிழங்கில் இருக்கிற இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம் சுற்றித்தான். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் தந்த அளவுப்படி, வயதுவந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 29 மில்லிகிராம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கிழங்கில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் நன்றாக இருக்கிறது. ரத்தத்துக்கு அதுவும் வேண்டும்தான். ஆனால் மாத்திரைக்குப் பதில் பீட்ரூட் ஆகாது. மாத்திரையையும் விழுங்குங்கள், பீட்ரூட்டையும் சாப்பிடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கிழங்கைவிட அதன் இலையில் இரும்புச்சத்து மூன்று மடங்காவது இருக்கிறது. அந்த இலையைத்தான் நாம் சந்தையிலேயே திருகிப் போட்டுவிட்டு வருகிறோம்! மாட்டுக்குப் போகிறது, இல்லையென்றால் குப்பைக்குப் போகிறது. காய்க்காரரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். வாடாத இளசு இலையாகப் பார்த்து வாங்கி வாருங்கள்.

அதைச் சமைக்கும்போது மட்டும் உமரியை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட் இலை பிறவியிலேயே உப்புள்ளது. 100 கிராம் இலையில் 200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. கிழங்கில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே இலையை வேகவைத்து, வாயில் போட்டுப் பார்த்து, அப்புறம் உப்புப் போடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் இது ரொம்ப அவசியம். இலையில் ஆக்சாலிக் அமிலமும் அதிகம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் அது குறையும். தயிரோடு சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சேருவதும் குறையும். சிறுநீரகக் கல் வந்தவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இலையையோ பீட்ரூட் சாற்றையோ அதிகம் எடுக்க வேண்டாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் பொரியலாக அளவோடு சாப்பிடலாம். சாறு வேண்டாம்.

உப்பளத்தில் வேலை செய்கிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி ஆகும். அது ரத்தம் இல்லை, சாயம்தான். ஓரிரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் பீட்ரூட் சாப்பிடாமலே சிவப்பாகவோ, கட்டங்காப்பி மாதிரி கறுத்தோ போனால் சும்மா இருக்கக் கூடாது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதால் சிறுநீரகம் கெடுகிறது என்பதைத் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமே ஆராய்ந்து சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். "நேற்று பீட்ரூட் தின்றேன்" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தாதீங்க. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

இனி கொல்லைப்புறத்துக்கு வருவோம். நம் கரையோரக் கிணறுகளில் பல, இறைக்க இறைக்க உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டன. "இந்தத் தண்ணியிலே என்னத்தைங்க போடறது?" என்று கேட்கிறீர்கள். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் ஒரு அட்டவணை போட்டிருக்கிறது. பாசனத் தண்ணீரின் உப்பை இ.சி. என்ற எண்ணால் அளப்பார்கள். மகசூல் குறையாமல் இருக்க, பீன்சுக்கும் கேரட்டுக்கும் அந்த எண் 0.7ஐத் தாண்டக் கூடாது. வெங்காயத்துக்கும் முள்ளங்கிக்கும் 0.8. தக்காளிக்கு 1.7. பீட்ரூட்டோ 2.7 வரைக்கும் தாங்கும். கடற்கரையில் பிறந்த குணம் போகவில்லை! ஆகவே உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனை செய்து அந்த எண்ணை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கும் மேலே போன தண்ணீர் என்றால் பீட்ரூட்டும் மகசூல் குறையும்.

ஒரு எச்சரிக்கை. வளர்ந்த செடிதான் உப்பைத் தாங்கும். முளைக்கிற பருவத்தில் அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். அதனால் புரட்டாசியில் போடுங்கள். இல்லையென்றால் கனமழை ஓய்ந்து, மண்ணின் உப்பை மழை கழுவி இறக்கியபிறகு, கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ போடுங்கள். மாசி பங்குனி வெயில் ஏறுவதற்குள் கிழங்கு எடுத்துவிடலாம். தண்ணீர் தேங்காமல் மேட்டுப் பாத்தி கட்டி, மக்கிய தொழு உரம் போட்டு, வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டு ஊன்றுங்கள். விதை என்று நீங்கள் போடுவது ஒற்றை விதை இல்லை, ஒரு சின்னக் கொத்து. ஒன்றிலிருந்தே இரண்டு, மூன்று, நான்கு முளை வரும். ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடாவிட்டால் கிழங்கு பருக்காது. கிள்ளியதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அந்த இளங்கீரை கூட்டுக்கு அருமையாக இருக்கும். கிழங்கு வளரும்போதும் செடிக்கு ஒன்றிரண்டு வெளி இலையை மட்டும் பறித்துக் கொண்டால், ஒரே பாத்தியில் கீரையும் கிடைக்கும், கிழங்கும் கிடைக்கும்.

தாய்மார்களே, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கிழங்கை முழுசாக வேகவையுங்கள். புளிப்பைக் கடைசியில் சேருங்கள். இலையை எறியாதீர்கள். உப்பை ருசி பார்த்துப் போடுங்கள். சோகைக்கு மாத்திரையை நிறுத்தாதீர்கள். தண்ணீர் உப்பாகிவிட்டது என்று கொல்லையைத் தரிசாகப் போட்டிருப்பவர்கள், இந்த மார்கழியில் நாலு பாத்தி பீட்ரூட் போட்டுப் பாருங்கள். உப்பு மண்ணுக்கு அது புதுசு இல்லை.